விட்வொர்த் பெட்டியா, கெடோரா, அமெரிக்கனா? டர்பனில் பழைய சாக்கெட் செட் சேர்க்கத் தொடங்குபவருக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய சாக்கெட் செட் (நட்டு, போல்ட் கழற்றும் குழல்களின் பெட்டி) சேர்க்க ஆசைப்படுகிறவர் கண்ணில் மூன்று வகைப் பெட்டிகள்தான் திரும்பத் திரும்பப் படும். ஒன்று விட்வொர்த் என்னும் பழைய அளவுமுறையில் வந்த இங்கிலாந்துப் பெட்டி: பிரிட்டூல், கிங் டிக் மாதிரியானவை. இன்னொன்று ஜெர்மன்: கெடோர், ஹாசெட், ஷ்டால்வில்லே. மூன்றாவது அமெரிக்கன்: ஸ்னாப்-ஆன், புரோட்டோ, பிளாக்ஹாக், வில்லியம்ஸ். மூன்றிலும் கை வைத்தால் கராஜ் நிறைந்துவிடும், ஒரு செட்டும் முழுசாக நிற்காது. அதனால் முதலில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சேகரிப்புக்கென்றே வாங்குவதானால் இங்கிலாந்துப் பெட்டி. தினமும் எடுத்து வேலை செய்யவும் வேண்டும் என்றால் கெடோர். அமெரிக்கன் செட்டைத் தேடிப் போக வேண்டாம். தானாகக் கைக்கு வந்தால் விட வேண்டாம். இந்த மூன்றையும் தாண்டி நான்காவதாக ஒன்று உண்டு, அது நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மூன்று நாட்டுச் சாமானும் இங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் இங்கே ஓடிய வண்டிகள். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1920களிலேயே போர்ட் எலிசபெத்தில் பாகங்களை இணைத்து வண்டி பூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 1951-ல் யூட்டன்ஹேகில் முதல் பீட்டில் வெளியே வந்தது. 1960களில் டர்பனிலேயே டொயோட்டா பூட்டினார்கள். இவற்றோடு ஆஸ்டின், மோரிஸ், லேண்ட்ரோவர், தோட்டங்களில் தண்ணீர் இறைத்த லிஸ்டர் இன்ஜின், கரும்பு இழுத்த டிராக்டர்கள். வண்டி எந்த ஊரோ அந்த ஊர் நட்டு. நட்டுக்கு ஏற்ற சாக்கெட். 1970களில் நாடு மெட்ரிக்குக்கு மாறியதும் பாதிப் பெட்டிகளுக்கு வேலை போய்விட்டது. மூலையில் கிடந்தவைதான் இன்று கார் பூட் சந்தைகளிலும், இறந்தவர் சொத்து ஏலங்களிலும், ஸ்க்ராப் கடைகளிலும் வெளியே வருகின்றன.

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் முன் கையில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சாக்கெட்டின் மேல் அடித்திருக்கும் எண் எல்லா ஊரிலும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

மெட்ரிக் சாக்கெட்டில் 13 என்றால் நட்டின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை 13 மில்லிமீட்டர். அமெரிக்க வழி ஏ.எஃப். (அக்ராஸ் ஃப்ளாட்ஸ்) சாக்கெட்டிலும் அப்படித்தான்: 1/2 என்றால் பக்கத்துக்குப் பக்கம் அரை இஞ்ச், அதாவது 12.7 மில்லிமீட்டர். விட்வொர்த்தில் மட்டும் கணக்கு வேறு. ஜோசஃப் விட்வொர்த் 1841-ல் முன்வைத்த மரை முறையில் எண் குறிப்பது போல்ட்டின் தண்டு தடிமனை. 1/4 விட்வொர்த் சாக்கெட் என்றால் கால் இஞ்ச் போல்ட்டின் தலைக்குரியது. அந்தத் தலையின் அகலம் 0.525 இஞ்ச், சுமார் 13.3 மில்லிமீட்டர். எண்ணைப் பார்த்து, சின்ன சாக்கெட் போலிருக்கிறது என்று நினைத்தால் கைக்குப் பெரிதாக ஒன்று வரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) என்னும் நெருக்கமான மரையில் தலை ஒரு படி சிறியது. அதனால் 1/4 விட்வொர்த் சாக்கெட்டே 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டுக்கும் பொருந்தும். ஒரே சாக்கெட்டில் இரண்டு எண் அடித்திருப்பது இதனால்தான். யாரோ தப்பாக அடித்துவிட்டார்கள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்புறம் இரண்டாம் உலகப் போரில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் தலைகளையும் ஒரு படி குறைத்துவிட்டார்கள். ஆகவே போருக்குப் பிந்தைய இயந்திரத்தில் 5/16 விட்வொர்த் போல்ட்டுக்கும் அதே 1/4 சாக்கெட்தான் போகும்.

எழுத்து தேய்ந்துபோன சாக்கெட்டுக்கு வெர்னியர் அளவுகோல்தான் துணை. ஆறு முனை சாக்கெட்டானால் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு நடுவே உள்ளளவு எடுங்கள். விட்வொர்த் வரிசை இப்படிப் போகும்: 3/16-க்கு 11.3, 1/4-க்கு 13.3, 5/16-க்கு 15.2, 3/8-க்கு 18.0, 7/16-க்கு 20.8, 1/2-க்கு 23.4 மில்லிமீட்டர். நட்டு நுழைய இடம் வேண்டும் என்பதால் சாக்கெட்டின் உள்ளளவு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். பழையதென்றால் தேய்மானமும் சேரும். 13.2 காட்டினால் அது மெட்ரிக் 13 ஆகவும் இருக்கலாம். பன்னிரண்டு முனை சாக்கெட்டில் வெர்னியரின் தாடை சரியாக உட்காராது. அளவு தெரிந்த நட்டுகளைக் கம்பியில் கோத்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. தெரியாத நட்டின் மேல் சாக்கெட்டைப் போட்டுப் பார்ப்பது இதன் தலைகீழ் வழி. டர்பனின் கிளேர்வுட் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் தன்னிடம் வேலை பழகிய பையனுக்கு அதைப் பற்றிச் சொன்னது இது: "தம்பி, 13 போட்டா நுழையாது, 14 போட்டா வழுக்கும், அப்ப அது கால் விட்வொர்த்." பையன் விடவில்லை: "அப்ப இந்த இன்னொரு நட்டுல 18 நல்லா உட்காருதே, அண்ணே?" "அது சந்தேகம்தான். 18-ம் இருக்கலாம், 3/8 விட்வொர்த்தும் இருக்கலாம். மரையைப் பாரு." பையனுக்குக் கிடைத்தது நல்ல பாடம். மேலே சொன்ன வரிசையில் விட்வொர்த்தும் மெட்ரிக்கும் தொட்டுக்கொள்ளும் இடம் அந்த 18 ஒன்றுதான்.

வண்டி இங்கிலாந்துடையது என்பதால் எல்லாம் விட்வொர்த்தாக இருக்கும் என்றும் நம்ப முடியாது. 1946-ல் வந்த சாம்பல் நிறச் சின்ன ஃபெர்கூசன் டிராக்டர் இங்கிலாந்தில் செய்ததுதான். அதற்குப் பெரும்பாலும் ஏ.எஃப். சாக்கெட் வேண்டும். பழைய மோரிஸ் இன்ஜின் சிலவற்றில் மரை மெட்ரிக், தலை விட்வொர்த். 1948-ல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் கனடாவும் பொது மரைக்கு ஒப்புக்கொண்ட பிறகு 1950களில் இங்கிலாந்துக் கார்கள் படிப்படியாக ஏ.எஃப். பக்கம் வந்தன. இதெல்லாம் பெட்டியின் வயதைக் கணிக்க உதவும். முழுக்க விட்வொர்த், பி.எஸ்.எஃப். எண்களே இருக்கும் பெட்டி பெரும்பாலும் 1950களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளுக்காக வாங்கியது.

சரி, இங்கிலாந்துப் பெட்டிக்கு ஏன் என் ஓட்டு? அதில் படிக்க நிறைய இருக்கிறது. போர்க்காலச் சாமானில் இங்கிலாந்து அரசின் அகல அம்புக்குறி இருக்கும். பக்கத்திலேயே 1942, 1943 என்று ஆண்டும் அடித்திருப்பது வழக்கம். வேறெந்தப் பெட்டியும் தன் பிறந்த வருஷத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லாது. நம் நாட்டுக்கென்றே ஒரு குறி உண்டு: ஆங்கில யூ எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு. தென்னாப்பிரிக்க ஒன்றியத்தின் பாதுகாப்புப் படைச் சொத்து என்று அர்த்தம். ஒன்றியம் 1961 மே 31-ல் குடியரசானது. ஆகவே அந்தக் குறி இருந்தால் அதற்கு முந்தையது. இங்கிலாந்திலிருக்கும் சேகரிப்பாளருக்கு இந்தக் குறி எளிதில் கிடைக்காது, நமக்குக் கிடைக்கும். யூ அம்பு உள்ள பிரிட்டூல் ராட்செட் (சாக்கெட்டைச் சுழற்றும் கைப்பிடி) ஒன்றைப் பார்த்தால், முலாம் மொத்தமும் போயிருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரயில்வே முத்திரையும் அப்படித்தான். தென்னாப்பிரிக்க ரயில்வேயின் கருவிகளில் எஸ்.ஏ.ஆர். என்ற ஆங்கிலச் சுருக்கமும் எஸ்.ஏ.எஸ். என்ற ஆஃப்ரிகான்ஸ் சுருக்கமும் காணப்படும். ஆஃப்ரிகான்ஸ் ஆட்சிமொழியானது 1925-ல். 1981-ல் ரயில்வேயின் பெயரே மாறிவிட்டது. இரண்டு சுருக்கமும் சேர்ந்திருந்தால் அந்த இடைவெளிக்குள் வைத்துப் பார்க்கலாம். டர்பன் ரயில்வேயில் நம் தாத்தாக்கள் எத்தனையோ பேர் உழைத்தார்கள். அந்த மூன்றெழுத்து நம் வீட்டுக்கும் சொந்தமானது என்றே நான் நினைக்கிறேன்.

பூச்சும் காலம் சொல்லும். போரின்போது குரோமியம் ராணுவத் தேவைக்குப் போய்விட்டதால் சாக்கெட்டுகள் கறுப்பாகவோ, மங்கிய வெள்ளைச் சாம்பலாகக் காட்மியம் பூசியோ வந்தன. பளபளக்கும் குரோம் பெரும்பாலும் போருக்குப் பிந்தையது. காட்மியம் பூசியதை மட்டும் தேய்க்கவோ சூடாக்கவோ கூடாது. அதன் தூசும் புகையும் விஷம். கடைக்காரர் கிரைண்டரில் பிடித்துப் பளிச்சென்று ஆக்கித் தருகிறேன் என்றால், வேண்டாம் அண்ணே, அழுக்கோடவே கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள்.

கிங் டிக் பற்றியும் ஒரு வார்த்தை. பர்மிங்ஹாம் நகரத்து அபிங்டன் நிறுவனத்தின் பெயர் அது. மோட்டார் சைக்கிள் செய்து விற்ற காலமும் அவர்களுக்கு இருந்தது. பிரிட்டூல் வுல்வர்ஹாம்ப்டன் பக்கத்துச் சரக்கு. இரண்டில் எதை எடுப்பது என்றால், சாக்கெட் செட்டுக்குப் பிரிட்டூல், வெறும் ஸ்பானருக்குக் கிங் டிக் என்பேன். பிரிட்டூலின் அரை இஞ்ச் டிரைவ் (ராட்செட் நுழையும் சதுரத் துளை) சாக்கெட்டுகள் உதிரியாக இங்கே அடிக்கடி கண்ணில் படுவதால் விட்டுப்போனதை நிரப்புவது எளிது.

விலையும் இதற்கே சாதகம். விட்வொர்த் சாக்கெட்டை வைத்து இன்றைக்கு டொயோட்டா ஹைலக்ஸில் ஏறக்குறைய எந்த நட்டையும் கழற்ற முடியாது என்பதால் மெக்கானிக்குகள் அதைத் தொடுவதில்லை. அதே மேசையில் கிடக்கும் மெட்ரிக் சாக்கெட்டோடு ஒப்பிட்டால் சல்லிசாகக் கிடைக்கும். உங்களிடமோ மாமாவின் தோட்டத்திலோ ஒரு லிஸ்டர் டி இன்ஜின் இருந்தால் உபயோகமும் உண்டு.

இனி ஜெர்மன். தரத்தை மட்டும் பார்த்தால் இதுதான் முதலிடம். கெடோர் 1919-ல் ரெம்ஷைட் நகரத்தில் தொடங்கியது. டர்பனுக்கு மேலே பைன்டவுன் பக்கத்து நியூ ஜெர்மனியில் அதற்கு ஆலையும் இருந்தது. 1848-ல் ஜெர்மானியக் குடியேறிகள் வந்து பெயர் வைத்த ஊர் அது. ஆகவே கெடோர் நமக்கு உள்ளூர்ச் சரக்கு மாதிரிதான். ஃபீனிக்ஸிலோ சாட்ஸ்வொர்த்திலோ எந்த மெக்கானிக்கின் டிராயரைத் திறந்தாலும் ஒன்றிரண்டு இருக்கும். அடையாளம் காண்பதும் எளிது, ஏனென்றால் மாதிரி எண்ணையே அடித்திருப்பார்கள். கெடோரில் 19 என்றால் அரை இஞ்ச் டிரைவ், ஆறு முனை. முன்னால் டி எழுத்து இருந்தால் பன்னிரண்டு முனை. 20 கால் இஞ்ச், 30 என்றால் 3/8 இஞ்ச், 32 முக்கால் இஞ்ச். ஹாசெட்டில் 900 அரை இஞ்ச், 880 என்றால் 3/8, 850 கால் இஞ்ச். ஷ்டால்வில்லேயில் 50 அரை இஞ்ச். 19 என்ற மாதிரி எண்ணை 19 மில்லிமீட்டர் என்று படித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அளவு தனியாக இருக்கும். மேற்கு ஜெர்மனி என்று அடித்திருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. வெறும் ஜெர்மனி என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

குறை என்னவென்றால், கெடோர் சாக்கெட் இன்னும் வேலை செய்கிறது. ஆகவே விற்கிறவர் வேலைக்கான விலை கேட்பார். 1965-ல் செய்த 17-க்கும் 1985-ல் செய்த 17-க்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. வயது கண்டுபிடித்து மகிழ்கிறவருக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். பீட்டில் வைத்திருப்பவருக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். அவர் முதல் நாளே ஹாசெட்டோ கெடோரோ வாங்க வேண்டும். பழைய பீட்டிலில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14 தலை, பிந்தையதில் 13. அதனால் 14 சாக்கெட்டைத் தூக்கிப் போடக் கூடாது. பின் சக்கரத்து ஆக்சில் நட்டுக்கு 36 வேண்டும், அதையும் முக்கால் இஞ்ச் டிரைவில் தேடுங்கள். அரை இஞ்ச் ராட்செட்டைப் போட்டு அந்த நட்டின் மேல் ஏறி நின்றால் ராட்செட்டின் பல்லுதான் போகும்.

அமெரிக்கனைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சேகரிப்பு உலகத்தில் புகழ் அதற்கே. ஸ்னாப்-ஆன் 1920-ல் ஐந்து கைப்பிடி, பத்து சாக்கெட் என்று ஆரம்பித்தது. அதன் கருவிகளில் ஆண்டுக்கு ஒரு குறி உண்டு. பிளாம் என்ற பெயர் 1948-ல் புரோட்டோ ஆனது, ஆகவே பிளாம் என்று அடித்திருந்தால் அதற்கு முந்தையது. காப்புரிமை எண் இருந்தால் இன்னும் நல்லது: 1920 தொடக்கத்தில் அமெரிக்க எண் 13 லட்சத்து 26 ஆயிரத்தில் இருந்தது, 1930-ல் 17 லட்சத்து 42 ஆயிரம், 1940-ல் 21 லட்சத்து 85 ஆயிரம், 1950-ல் 24 லட்சத்து 92 ஆயிரம். கருவி அந்த எண்ணின் வருஷத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. கால் இஞ்ச் ராட்செட்டில் லொடலொடவென்று ஆடும் சின்ன சாக்கெட் கிடைத்தால் 9/32 டிரைவாக இருக்கலாம். அது பழசு, பத்திரப்படுத்துங்கள். ஆனால் இங்கே ஒரு அமெரிக்கன் செட்டில் இரண்டு சாக்கெட் குறைந்தால் அவற்றை அமெரிக்காவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். இரும்பின் எடைக்கு அஞ்சல் செலவு, அதற்கு மேல் இறக்குமதியில் 15 சதவீத வாட் வரி. சாக்கெட்டின் விலையைவிட அது வந்து சேரும் செலவு கூடிவிடும்.

முழுப் பெட்டியா, உதிரியா என்ற கேள்வியும் கூடவே வரும். முழு செட் என்று விளம்பரம் செய்வதை நான் நம்புவதில்லை. திறந்து பார்த்தால் ஒரு சாக்கெட் கெடோர், இரண்டு ஜப்பான், மற்றவை பிரிட்டூல் என்று எல்லாக் குழியையும் நிரப்பி வைத்திருப்பார்கள். அதைவிட ஒன்றிரண்டு குழி காலியாக இருக்கும் ஒரே கம்பெனிப் பெட்டி எவ்வளவோ மேல். காலிக் குழியை நிரப்பலாம்; பெட்டி தனியாகக் கிடைப்பதுதான் அரிது. கீல், தாழ்ப்பாள், மூடியில் ஒட்டிய படம், உள்ளே சாக்கெட் உட்காரும் தகடு, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சாக்கெட்டின் வாயில் கீறல் விட்டிருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். மெல்லிய வெடிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நகத்தில் தட்டும்.

ஆனால் கலப்புப் பெட்டி எல்லாமே மட்டமில்லை. முதலில் சொன்ன நான்காவது வகை இதுதான். 1922-ல் வந்த பயிற்சித் தொழிலாளர் சட்டம் பள்ளிப் படிப்புத் தகுதியை முன்வைத்து, வெள்ளையரல்லாதவர்களுக்குத் தொழில் பழகும் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. நம் ஆட்கள் சர்க்கரை ஆலையிலும் வீட்டுப் பின்கட்டிலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டார்கள். சம்பளத்தில் ஒரு சாக்கெட், அடுத்த மாதம் இன்னொன்று என்று வாங்கிச் சேர்த்த பெட்டி கலப்பாகத்தான் இருக்கும். நான் பார்த்த ஒரு பெட்டியில் 5/16 விட்வொர்த் சாக்கெட்டின் உள்ளே சன்னமான தகட்டை வளைத்துச் செருகி, வேறொரு நட்டுக்குப் பொருந்தும்படி செய்திருந்தார்கள். ராட்செட்டின் கைப்பிடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. அப்படி ஒரு பெட்டி உங்கள் தாத்தாவுடையதாகவோ பெரியப்பாவுடையதாகவோ இருந்தால் அதிலிருந்து எதையும் எடுக்காதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள். நல்ல பிரிட்டூல் துண்டு ஒன்று அதில் இருக்கிறதே, நம் செட்டில் ஒரு குழி காலியாக இருக்கிறதே என்று கை நீளும், நீள விடாதீர்கள். யார் வைத்திருந்தது, எந்த ஆலையில், எந்த வண்டிக்கு என்று தெரிந்தவரை எழுதி உள்ளே வையுங்கள். எந்தக் கம்பெனிப் பெட்டியும் எனக்கு அதற்கு ஈடாகாது.

எந்த வகையை எடுத்தாலும் டர்பனின் உப்புக்காற்று ஒன்றுதான். பாரஃபினில் (மண்ணெண்ணெய்) ஊறப்போட்டு, காட்மியம் பூசாததானால் பித்தளைப் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து, துடைத்து, சன்னமாக எண்ணெய் தடவினால் போதும். கறுப்புப் பூச்சின் மேல் இரும்புப் பிரஷ் படவே கூடாது. வினிகரில் போட்டாலும் அந்தக் கறுப்பு கரைந்துபோகும்.

கடைசியாக, வாங்கும்போது. பழைய சாமான் கடைகள் 2009-ன் செகண்ட் ஹேண்ட் பொருள் சட்டப்படி போலீஸில் பதிவு செய்து, வாங்கியது விற்றது இரண்டுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். எஸ்.ஏ.ஆர். முத்திரையோ யூ அம்போ உள்ள சாமான் அந்தக் காலத்திலேயே ஏலத்தில் வெளியே வந்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே கடையில் ரசீது கேளுங்கள். தனியாரிடம் வாங்கினால் தேதியும், எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னதையும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி, எண்ணெய் படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பெட்டியோடு வைத்துவிடுங்கள்.